நம்பிக்கையோடு ஏறுவோம்

பிளீச்சிங் பவுடர் வாசனையை விபூதியால் அடக்க முடியாது என்பது வேதாவுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் ஆசுபத்திரியின் பின்பக்கக் குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்து, நீலச் சீருடையைக் கழற்றிப் பையின் அடியில் அமுக்கி, புடவை மாற்றிக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தைப் பிரித்து நெற்றியிலும் கையிலும் கழுத்திலும் அள்ளிப் பூசிக்கொண்டுதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பாள். பார்க்கிறவர்களுக்கு அண்ணாமலையார் கோயிலிலிருந்து நேராக வருகிறவள் போலத் தெரியும். அப்படித் தெரிய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஊரில், கல்லேரிப்பட்டில், யார் கேட்டாலும், செங்கம் ரோட்டில் சாமியார்களுக்கு அன்னதானம் போடுகிற மடத்தில் சோறாக்குகிறேன் என்பாள்.

முழுப் பொய்யும் இல்லை. மார்ச் மாதம்வரை அவள் செங்கம் ரோட்டில்தான் இருந்தாள். ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் வெள்ளைக்காரர்கள் வாடகைக்குத் தங்கும் அறைகளைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆத்ம சாந்தி தேடி வந்தவர்கள் கிருமி வந்ததும் கிடைத்த விமானத்தைத் தேடிப் போய்விட்டார்கள். ஊரில் எல்லா வேலையும் நின்றுபோன அந்த நாளில் ஆள் தேவைப்பட்ட ஒரே இடம் கொரோனா வார்டு. புருஷன் இருசப்பன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் எந்த வேலையையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. காண்டிராக்ட் சூப்பர்வைசர் ராமதாஸ், பயமா இருக்கா என்று ஒரு தடவைதான் கேட்டார். இல்லை என்றாள். இருக்கிறது என்று சொன்னால் வேலை இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

மடத்துச் சமையற்காரி என்ற பதவி அவள் எதிர்பாராத உயரத்துக்கு அவளைக் கொண்டுபோனது. சாமியாருங்க கையால கொஞ்சம் துண்ணூறு வாங்கியாம்மா என்று அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். வேதா தேரடித் தெருக் கடையில் பொட்டலமாக வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தாள். குழந்தைக்குச் சளி, மருமகனுக்குக் கோபம், போர்வெல்லில் தண்ணீர் இல்லை என்று எல்லாவற்றுக்கும் கடை விபூதி போயிற்று. மணியம்மாள் வீட்டுப் பசு காலால் உதைத்துக்கொண்டே இருந்தது. பொட்டலம் வாங்கிப்போன மறுநாள் நின்று நிதானமாகப் பால் கொடுத்தது. அதைக் கேள்விப்பட்டபோது வேதா கொஞ்சம் பயந்துபோனாள்.

செப்டம்பரில் பஸ் விட்டார்கள். பஸ்தான் விட்டார்கள், ஜனம் வரவில்லை. ஒன்று விட்டு ஒரு சீட்டில் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டு, கண்டக்டர் அருண்பிரசாத் படிக்கட்டில் நின்று தீர்த்தம் கொடுப்பதுபோல உள்ளங்கையில் சானிடைசர் ஊற்றினான். ஏறிய ஓரிருவரும் கம்பியைத் தொடாமல், கயிற்றின்மேல் நடப்பவர்களைப் போலக் கைகளை விரித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். தொண்டை அரித்தால் கண்ணில் நீர் வரும்வரை விழுங்கினார்களே தவிர இருமவில்லை. மற்றவர்கள் ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவராகப் போனார்கள். அதில் பயமில்லை. ஆட்டோவில் இருப்பதெல்லாம் தெரிந்தவர்கள் மூச்சு.

ஆசுபத்திரி ஆட்களை இத்தனை மாதம் மெயின் ரோட்டில் வந்து ஏற்றிக்கொண்டுபோன வேன், அதான் பஸ் விட்டாச்சே என்று நின்றுவிட்டது. ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பிளீச்சிங் வாசனை பக்கத்து மூக்குக்குப் போகும். வேதாவுக்கு மிச்சமிருந்தது கல்லேரிப்பட்டு டவுன் பஸ் மட்டும். ஆள் ஏறலைன்னா இந்த டிரிப்ப தூக்கிடுவாங்கக்கா என்று அருண்பிரசாத் சொன்ன நாளிலிருந்து அவள் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆள் சேர்க்க ஆரம்பித்தாள். நான் தினமும் போய் வரேனே, எனக்கு இன்னா ஆச்சு என்பாள். ஏறுகிறவர்களுக்குப் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை நீட்டுவாள். மடத்துச் சோறு ஆக்குகிற கையே பயப்படாதபோது நமக்கென்ன என்று முதலில் இரண்டு பால்காரர்கள், அப்புறம் பீடிக் கட்டு கொண்டுபோகிற பெண்கள், அப்புறம் நாவல்பாடியிலிருந்து நாலு பேர் என்று பஸ் மெல்ல நிறைந்தது. மாவட்டத்தில் பொதுமக்களின் நம்பிக்கை அந்த ஒரு பஸ்ஸில் மட்டும் கூடிக்கொண்டு வந்ததற்கு என்ன காரணம் என்று டிப்போவில் யாருக்கும் புரியவில்லை.

வேதாவுக்கு அந்த பஸ் ஓட வேண்டியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவள் மகள் கவியாவைக் கொடுத்திருந்தது வழியில் உள்ள நாவல்பாடியில். நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தினமும் சாயங்காலம் பஸ் வரும் நேரத்துக்குக் கவியா வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஸ்டாப்பில் வந்து நிற்பாள். வேதா ஜன்னல் வழியாகப் பூவோ, கொய்யாப்பழமோ நீட்டுவாள். பையை நுனியில் பிடித்து நீட்டி, மகளின் விரல் படுவதற்குமுன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். வார்டில் டெஸ்ட் எடுத்து ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அந்தக் கை தானாகவே பின்னால் வந்தது. வெள்ளிக்கிழமை வளையல் அடுக்கி மகளைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு வருவதென்று சம்மந்தி சரசுவிடம் பேசி முடித்தாயிற்று. அன்றிலிருந்து வார்டுக்குப் போவதில்லை, லீவு சொல்லியாயிற்று. அதுவரை பஸ் ஓடினால் போதும், அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்தால் போதும் என்று அவள் கேட்டுக்கொண்டது கடை விபூதியிடம்தான்.

இந்த நிலையில்தான் தசரதன் பொதுமக்களின் நம்பிக்கையைக் கையில் எடுத்தார்.

தசரதனுக்குக் கிரிவலப் பாதையில் ஒரு லாட்ஜ் இருந்தது. பௌர்ணமிக்குக் கிரிவலம் கிடையாது என்று ஆனதிலிருந்து அறைகளில் பல்லிகள் மட்டும் தங்கியிருந்தன. பஸ் ஏறினால்தான் பக்தன், பக்தன் வந்தால்தான் லாட்ஜ் என்பதை நாலு மாதம் யோசித்துக் கண்டுபிடித்து, அருணை மக்கள் நம்பிக்கைப் பேரவை என்று ஒன்றைத் தொடங்கி, தலைவராகத் தன்னை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார். அவர் கடைசியாக பஸ்ஸில் ஏறியது தன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது. நல்ல கூட்டம் உள்ள ஒரு பஸ்ஸாகப் பார்த்து விழா எடுக்கலாம் என்று விசாரித்ததில், மொத்த பஸ் ஸ்டாண்டிலும் நல்ல கூட்டம் உள்ள பஸ் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

வேதா அன்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது கல்லேரிப்பட்டு பஸ்ஸுக்கு வாழை மரம் கட்டியிருந்தார்கள். மைக் செட் இருந்தது. ஸ்கந்தன் குருக்கள் பஸ்ஸின் முன்சக்கரத்துக்கு எட்டத்தில் நின்று சந்தனத்தைத் தெளித்துக்கொண்டிருந்தார். கற்பூரம் ஏற்றும்போது, சானிடைசர் பூசிய கையோடு ஒற்றிக்கொள்ள வந்த தசரதனை, “ஸார், ஸார், நெருப்பு பத்திக்கும், எட்டவே இருந்துக்கோங்கோ” என்று தடுத்தார். பூசணிக்காய் உடைந்தது. பூஜை முடிந்ததும் குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு தன் ஸ்கூட்டரில் ஏறிப் போனார். பஸ்ஸில் வருகிறீர்களா என்று அவரை யாரும் கேட்கவில்லை. கேட்பார்களோ என்ற அவசரம் அவர் கிக்கரை உதைத்த உதையில் தெரிந்தது.

வேதா தலையைக் குனிந்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கல்லேரிப்பட்டு ஆட்கள், பீடிப் பெண்கள், நாவல்பாடிக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். வண்டி கிளம்பினால் போதும். ஆனால் விழா கிளம்ப விடவில்லை. பேருந்து என்பது வெறும் இரும்பல்ல, அது நம்பிக்கையின் தேர் என்று தசரதன் பேசிக்கொண்டிருந்தார். தேரை இழுப்பது யார், சாமானிய மக்கள் என்றார். அந்தச் சாமானிய மக்களில் ஒருவருக்கு இப்போது பொன்னாடை என்றார். பேரவைக்காரர் ஒருவர் உள்ளே ஏறிப் பார்த்து, நெற்றி நிறைய விபூதியோடு இருந்த வேதாவைத் தேர்ந்தெடுத்தார். படத்தில் நன்றாக இருக்கும்.

வேணாங்க, வேற யாரையாச்சும் கூப்பிடுங்க என்று வேதா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பீடிப் பெண்கள்தான் அவளைத் தள்ளிவிட்டார்கள். போம்மா, உன்னாலதான நாங்களே ஏறுனோம் என்றார்கள். தசரதன் மோதிரங்கள் போட்ட இரண்டு கைகளாலும் சால்வையை விரித்து அவள் தோளில் போட்டார். அது ரோஜா நிறத்தில் ஜரிகை போட்டிருந்தது. போட்டோக்காரர் மாஸ்க்கை இறக்கச் சொன்னார். “கொஞ்சம் சிரிங்கம்மா. உங்களப் பாத்துதான் நாலு பேரு ஏறணும்” என்றார். முகக்கவசம் அணிவோம் என்று எழுதிய பேனருக்குக் கீழே வேதா மாஸ்க்கை இறக்கிச் சிரித்தாள். சீக்கிரம் சிரித்தால் சீக்கிரம் போகலாம் என்றுதான் சிரித்தாள். அதனாலேயே சிரிப்பு நன்றாக விழுந்துவிட்டது.

அப்போதுதான் மேடை ஓரத்து நாற்காலியிலிருந்து ராமதாஸ் எழுந்தார். விழாவுக்கு சானிடைசர் கேன் கொடுத்த வகையில் அவருக்கும் அழைப்பு. எட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது, மைக்கை வாங்கினார். வேதா அவரைப் பார்த்துத் தலையை லேசாக, வேண்டாம் என்பதுபோல ஆட்டினாள். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

“இந்தம்மா யாருன்னு நெனைச்சீங்க? நம்ம ஆளு. வேதா. மார்ச்சுலருந்து நம்ம கொரோனா வார்டுல வேலை பண்றாங்க. ஒரு நாள் லீவு கெடையாது. செத்துப்போனவங்க பெட்ட கூட இவங்கதான் கிளீன் பண்ணாங்க. இப்ப கூட அங்கருந்து நேரா வர்றாங்க. பெரிய கைதட்டு குடுங்க.”

தசரதனின் கைகள் சால்வையிலிருந்து ஒரு கணம் விலகி நின்றன. ஆனால் மேடையில் பழகிய மனிதர், மைக்கைத் திரும்ப வாங்கி, “இந்த வீராங்கனையே அச்சமின்றி ஏறும்போது நாம் ஏறுவதற்கு என்ன தயக்கம்?” என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது. பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் தட்டினார்கள். தட்டிக்கொண்டே எழுந்தார்கள். தட்டிக்கொண்டே பின்படி வழியாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். பீடிப் பெண்களில் ஒருத்தி இறங்கியதும் முந்தானையால் நெற்றி விபூதியை அழுத்தித் துடைத்தாள். நாவல்பாடிக்காரர் ஒருவர் அங்கேயே போனை எடுத்துக் காதில் வைத்தார். தசரதன் பஸ்ஸில் ரவுண்டானாவரை போவதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் அவசர வேலை என்று சொல்லி, கைக்கு மூன்று தடவை சானிடைசர் ஊற்றிக்கொண்டு காரில் ஏறினார்.

வாழை மரத்தோடும் வேதாவோடும் பஸ் கிளம்பியது. நாவல்பாடியில் ஸ்டாப் காலியாக இருந்தது.

அன்று இரவே சரசு போன் செய்தாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வேதா பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள்.

“பொன்னாடையெல்லாம் போட்டாங்களாமே சம்மந்தி. நல்லது. நீங்க பண்றது புண்ணியம்தான், நான் இல்லன்னு சொல்லல. கவியா இங்கயே இருக்கட்டும்.”

“டெஸ்ட்டு எடுத்துட்டாங்க சம்மந்தி. ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சி.”

“எல்லாருக்கும் மொதல்ல இல்லன்னுதான் வருதாம்.” கடைசியாக, “அன்னதானம்னு சொன்னீங்களே” என்றாள்.

பிறகு போன் கவியா கைக்குப் போயிற்று.

“ஏம்மா எங்கிட்ட கூட சொல்லல?”

“சொல்லியிருந்தா ஜன்னல்கிட்ட வந்திருப்பியா?”

கவியா கோபித்துக்கொண்டாளா, யோசிக்கிறாளா என்று தெரியவில்லை. யோசிக்கிறாள் என்பதைத்தான் வேதாவால் தாங்க முடியவில்லை.

கல்லேரிப்பட்டும் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. தெருக்குழாயில் அவள் குடம் வைத்தால் மற்ற குடங்கள் நகர்ந்துகொண்டன. மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது வாசற்படியில் விபூதிப் பொட்டலங்கள் கிடந்தன. பிரித்தவை, பிரிக்காதவை, பாதி தீர்ந்தவை. முழுக்கத் தீர்த்துவிட்ட யாரோ நேர்மையானவர்கள் வெறும் காகிதத்தைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மணியம்மாள் மட்டும் நேரில் வந்தாள். தெருவின் அந்தப் பக்கமே நின்று பொட்டலத்தைத் தரையில் வைத்துக் குச்சியால் தள்ளிவிட்டாள். “மாடு நல்லாத்தான் கறக்குது. இருந்தாலும் நீயே வெச்சிக்கம்மா” என்றாள்.

பேரவை எடுத்த படத்தை வீணாக்கவில்லை. அந்த வாரமே பஸ்ஸின் பின்பக்கம் முழுவதையும் மறைத்து ஒரு பிளெக்ஸ் வந்தது. நம்பிக்கையோடு ஏறுவோம் என்று மேலே கொட்டை எழுத்து. கீழே, கொரோனா வார்டு வீராங்கனை வேதா, கல்லேரிப்பட்டு. ஊர்ப் பெயரைப் போட்டதால் வேறு எந்த வேதாவும் சந்தேகத்துக்கு ஆளாகவில்லை. ஓரத்தில் தசரதன் பெரிதாகவும், கண்ணாடிமேல் சால்வையோடு வேதா அவருக்குத் தோளளவிலும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் வருகிற பஸ்ஸைப் பார்த்து, போகிற பஸ்ஸின் முதுகைப் படித்து, ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினார்கள். பஸ் காலியாக ஓடுகிறது என்ற செய்தி தசரதனுக்குப் போயிற்று. அவர் ஆள் அனுப்பினார். வந்த ஆள் கத்தரிக்கோலால் தசரதனை மட்டும் அளவாக வெட்டி எடுத்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். வேதாவின் தோளில் இருந்த கைகளை வெட்டினால் சால்வையும் போய்விடும் என்று கைகளை விட்டுவிட்டான். அதற்குப் பிறகு பஸ்ஸின் பின்னால் வேதாவும், யாருடையவை என்று தெரியாத மோதிரம் போட்ட இரண்டு கைகளும் ஊர் ஊராகப் போய் வந்தன.

வியாழக்கிழமை அருண்பிரசாத் டிக்கெட் கிழிக்காமல் வந்து பக்கத்துப் பெருக்கல் குறிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான்.

“நாளைக்குக் காலைல டிரிப்போட நிறுத்துறாங்கக்கா. கலெக்‌ஷன் ரொம்பக் கம்மின்னு எழுதிட்டாங்க.”

“பூசையெல்லாம் போட்டாங்களேப்பா.”

“அதுக்கப்புறம்தான்கா இன்னும் கம்மியாச்சி.”

ராமதாஸிடம் சொன்னபோது அவர் கவலைப்படவில்லை. பஸ் இல்லாவிட்டால் என்ன, ஆசுபத்திரி மாடி ஹாலில் பாய் போட்டுக்கொள்ளலாம், ஃபேன் இருக்கிறது, சோறும் வந்துவிடும், உங்கள மாதிரி ஆளு ஊர்ல கெடந்து இன்னா பண்ணப் போறீங்க என்றார். எடுத்த லீவை ரத்து செய்துவிட்டதாகவும் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் வேதா வீட்டைப் பூட்டிக்கொண்டு துணிப்பையோடு பஸ் ஏறினாள். மடியில் ஒரு சிறிய அட்டைப்பெட்டி. கோயில் வாசலில் வாங்கிய கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். போனவாரம் இதே நாளுக்கு அவள் நினைத்துவைத்திருந்த பயணம் இப்படித்தான் கல்லேரிப்பட்டில் தொடங்கியது, நாவல்பாடியில் இறங்கி, திரும்பி வரும் பஸ்ஸில் மகளைக் கைப்பிடித்து ஏற்றுவதாக இருந்தது. நெற்றியில் ஒன்றும் பூசவில்லை. பஸ்ஸில் அவளையும் டிரைவரையும் அருண்பிரசாத்தையும் தவிர யாரும் இல்லை. எந்த சீட்டில் வேண்டுமானாலும் உட்காரலாம். அவள் குறி போடாத சீட்டாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தாள்.

நாவல்பாடி ஸ்டாப்பில் கவியா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் சரசு, மருமகளின் முழங்கையைப் பிடித்தபடி. வேதா எழுந்து முன்படிக்கு வந்தாள். சரசு பின்னால் ஓரடி வைத்தாள். பிடியிலிருந்த கவியாவும் ஓரடி பின்னால் போனாள். வேதா படியிலேயே நின்றுவிட்டாள்.

அருண்பிரசாத் அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கி, ஸ்டாப்பின் சிமெண்ட் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தான். கவியா கையை நீட்டினாள்.

“இரும்மா” என்றாள் சரசு. “கொஞ்சம் வெயில் படட்டும்.”

கவியாவின் கை நீட்டியபடியே பெட்டிக்குமேல் நின்றது. அவள் அம்மாவைப் பார்த்தாள். மாஸ்க் உள்ளே இழுபட்டு மறுபடி வெளியே வந்தது, அவ்வளவுதான். கண்டக்டர் விசில் ஊதவில்லை. டிரைவர் தானாகவே கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வண்டியை எடுத்தார்.

வேதா கம்பிகளைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் ஓடினாள். ஜன்னல்களில் நாவல்பாடி ஒவ்வொன்றாகக் கழன்று போயிற்று, பெஞ்சு, பெட்டி, சரசுவின் புடவை. கடைசி நீள சீட்டில் முழங்காலை ஊன்றி ஏறிப் பின் கண்ணாடியில் முகத்தை வைத்தாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. தசரதனை வெட்டிய ஓட்டை ஓரத்துத் தகரத்தின்மேல்தான் இருந்தது, கண்ணாடி முழுவதும் பிளெக்ஸ். காலை வெயில் அதன்மேல் நேராக விழுந்து, அந்தப் பக்கத்து முகம் இந்தப் பக்கம் மங்கலாக ஊறித் தெரிந்தது. பெரிய பற்கள், சால்வை, கழுத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு கைகள். அதற்கும் அப்பால், சிறியதாகிக்கொண்டே போகிற ஒருத்தி, தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகும் அம்மாவைப் பார்த்தபடி நின்றிருக்க வேண்டும். வேதா நகத்தால் கண்ணாடியைச் சுரண்டினாள். பிளெக்ஸ் வெளிப்பக்கம் ஒட்டியிருந்தது.